இந்தியாவில் கருக்கலைப்பு: எண்ணிக்கையும் எதிர்ப்பு வாதங்களும்

பெண்ணின் கருப்பையில் வளரும் கருவை, அது வெளியில் உயிர்வாழும் பருவத்தை எட்டுமுன், மருந்தாலோ கருவியாலோ வேண்டுமென்றே வெளியேற்றுவது கருக்கலைப்பு. தானாக நேர்வது கருச்சிதைவு. மருத்துவ நூல்கள் இரண்டையும் தெளிவாகப் பிரிக்கின்றன. பேச்சுத் தமிழில் இடைவெளி மிகக் குறுகல். 'கலைஞ்சிருச்சு' என்றால் தன்வினை, 'கலைச்சுட்டோம்' என்றால் பிறவினை. இந்தச் சின்ன வேறுபாட்டில்தான் நாட்டின் கருக்கலைப்புக் கணக்கின் பெரும்பகுதி காணாமல் போகிறது. கணக்கெடுக்க வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து கேட்கிறார். மாமியார் அருகில் நிற்கிறார். "ரெண்டாவது கலைஞ்சிருச்சுங்க" என்கிறாள் பெண். படிவத்தில் அது இயற்கைச் சிதைவாகப் பதிவாகிறது. அவள் பொய் சொன்னாள் என்று யாரும் குற்றம் சாட்ட முடியாது. சொல்லக்கூடிய சொல்லைச் சொன்னாள், அவ்வளவுதான்.

கருக்கலைப்பு பற்றிய விவாதத்தில் ஆதரிப்போரும் எதிர்ப்போரும் எண்களைக் கையில் எடுக்கிறார்கள். ஆகவே எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதையும், எதிர்ப்பு வாதங்கள் எந்தக் காலில் நிற்கின்றன என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

எண்ணிக்கை

இந்தியாவுக்கு இன்று அதிகம் எடுத்தாளப்படும் எண் 1 கோடியே 56 லட்சம். 2015ஆம் ஆண்டில் நாட்டில் நடந்த கருக்கலைப்புகளின் மதிப்பீடு இது. மும்பையிலுள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம், தில்லியின் மக்கள்தொகைக் கவுன்சில், அமெரிக்காவின் குட்மாக்கர் நிறுவனம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் சேர்ந்து செய்த ஆய்வு, 2018இல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வந்தது. அதே ஆண்டில் அரசின் பதிவேடுகளில் ஏறியவை சுமார் 7 லட்சம் மட்டுமே. இருபது மடங்குக்கும் மேலான வித்தியாசம்.

ஆய்வாளர்கள் இந்த எண்ணை அடைந்த வழி எளிதாகப் புரியக்கூடியது. அசாம், பீகார், குஜராத், மத்தியப் பிரதேசம், தமிழ்நாடு, உத்தரப் பிரதேசம் ஆகிய 6 மாநிலங்களில் 4,001 மருத்துவ நிலையங்களுக்கு நேரில் போய், அங்கு நடப்பவற்றைக் கணக்கெடுத்தார்கள். பிறகு கருக்கலைப்பு மாத்திரைகளின் நாடு தழுவிய விற்பனைக் கணக்கை எடுத்து, வீணானவை போன்றவற்றைக் கழித்தார்கள். வந்த விடையில் 34 லட்சம், அதாவது 22 சதவீதம், மருத்துவ நிலையங்களில் நடந்தவை. 1 கோடியே 15 லட்சம், அதாவது 73 சதவீதம், மருத்துவ நிலையத்துக்குப் போகாமல் மாத்திரையால் செய்துகொண்டவை. மிஞ்சிய 5 சதவீதம் வேறு வழிகளில், பெரும்பாலும் ஆபத்தான வழிகளில் நடந்தவை. 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் ஆயிரத்துக்கு 47 என்ற வீதம். அந்த ஆண்டின் கருப்பங்கள் 4 கோடியே 81 லட்சம் என்றும் அதே ஆய்வு மதிப்பிட்டது. மூன்றில் ஒன்று கலைக்கப்பட்டிருக்கிறது. ஆய்வுக்கு எடுத்த 6 மாநிலங்களில் தமிழ்நாட்டின் வீதம் மிகக் குறைவு, ஆயிரத்துக்கு சுமார் 33.

இதற்கு நேர் எதிரே தேசிய குடும்ப நல ஆய்வு நிற்கிறது. 2019–21 சுற்றில், முந்தைய ஐந்தாண்டுகளின் கருப்பங்களில் சுமார் 3 சதவீதமே கலைக்கப்பட்டவை என்று பெண்கள் சொன்னார்கள். ஒரு கணக்கில் நூற்றுக்கு 3, இன்னொன்றில் நூற்றுக்கு 32. முதலாவது பெண் வாய்திறந்து சொன்னது, இரண்டாவது பெரும்பாலும் மருந்து வணிகத்தின் விற்பனைச் சீட்டுகள் சொன்னது. இரண்டில் எது உண்மைக்கு அருகில் என்றால் இரண்டாவதுதான் என்று ஏற்கக் காரணங்கள் உண்டு. ஆனாலும் அது மதிப்பீடு என்பதை மறந்துவிடக் கூடாது.

ஏனென்றால் முன்பு வந்த மதிப்பீடுகளின் கதை நல்ல எச்சரிக்கை. 1964இல் மத்திய அரசு அமைத்த சாந்திலால் ஷா குழு, 73 உயிருள்ள பிறப்புகளுக்கு 25 கருப்பங்கள் கலைகின்றன, அவற்றில் 15 செயற்கையாகக் கலைக்கப்படுபவை என்று ஒரு விகிதத்தை எடுத்துக்கொண்டது. அதிலிருந்து ஆண்டுக்கு 39 லட்சம் என்று கணக்கிட்டது. அது கள ஆய்வில் கண்ட உண்மை அன்று, ஓர் ஊகம். ஆனால் பிறப்புகள் பெருகப் பெருக அதே விகிதத்தைப் பெருக்கியே பின்வந்தவர்களும் கணக்குப் போட்டார்கள். 1990களின் நடுவில் 67 லட்சம் என்ற எண் அப்படித்தான் பிறந்தது. 2000களின் தொடக்கத்தில் கள ஆய்வுகளை வைத்து வந்த மதிப்பீடு 64 லட்சம். அதிலிருந்து 2015இன் 1.56 கோடிக்குத் தாவியது கருக்கலைப்பு திடீரென இரட்டித்ததால் என்று சொல்லிவிட முடியாது. எண்ணும் முறை மாறியது, மாத்திரையும் வந்தது.

மாத்திரை வந்ததுதான் பெரிய மாற்றம். மிஃபெப்ரிஸ்டோன் இந்தியாவில் 2002இல் அனுமதி பெற்றது. அதனுடன் மிசோபிரோஸ்டால் சேர்ந்த ஒரே அட்டை 2008இல் வந்தது. முதல் மாத்திரை கருப்பத்தைத் தாங்கிநிற்கும் புரோஜெஸ்டிரோன் இயக்குநீரைத் தடுக்கிறது. ஒன்றிரண்டு நாள் கழித்துப் போடும் மிசோபிரோஸ்டால் கருப்பையைச் சுருங்கவைத்து வெளியேற்றுகிறது. 9 வாரம் வரைதான் இந்த அட்டைக்கு அனுமதி, மருத்துவரின் சீட்டும் கட்டாயம். நடப்பில், பல மாநிலங்களில் கணவர் மருந்துக்கடைக்குப் போய், தாழ்ந்த குரலில் கேட்டு வாங்கிவருகிறார். எத்தனை நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று கடைக்காரர் கேட்டால் கேட்டார், இல்லையென்றால் இல்லை. குழாயில் தங்கிய கருவா என்று பார்க்க ஸ்கேன் இல்லை, இரத்தப்போக்கு நிற்காவிட்டால் யாரிடம் போவது என்று சொல்ல ஆள் இல்லை. குடும்ப நல ஆய்விலேயே, கருக்கலைப்புகளில் கால்வாசிக்கு மேல், 27 சதவீதம், பெண் தானே வீட்டில் செய்துகொண்டவை என்று பதிவாகியிருக்கிறது. இத்தனை பெண்கள் தனியே இதைக் கடந்திருக்கிறார்கள் என்பது, கருக்கலைப்பை ஏற்பவருக்கும் ஏற்காதவருக்கும் உறைக்க வேண்டிய செய்தி.

உலக அளவில் 2015–19 காலத்தில் ஆண்டுக்கு சுமார் 7 கோடியே 30 லட்சம் கருக்கலைப்புகள் என்பது மதிப்பீடு. திட்டமிடாத கருப்பங்களில் பத்தில் ஆறு கலைப்பில் முடிந்தன.

எதிர்ப்பாளர்கள் இந்த எண்களை இப்படி எடுத்துவைக்கிறார்கள்: ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி என்றால் எந்த நோயும் எந்தப் போரும் இந்த நாட்டில் இத்தனை உயிரைக் கொண்டுபோவதில்லை. கரு ஓர் உயிர் என்ற அடிப்படையை ஏற்றால் இந்த வாசகத்தில் பிழையில்லை. ஆனால் 1972 முதல் இன்றுவரை என்று ஆண்டுகளால் பெருக்கி எழுபது கோடி, எண்பது கோடி என்று துண்டறிக்கையில் அச்சிடுவது பிழை. முந்தைய ஆண்டுகளுக்கு அந்த வீதம் பொருந்தும் என்பதற்கு ஆதாரமே இல்லை. மறுபக்கத்திலும் இதே குறை உண்டு. பாதுகாப்பற்ற கருக்கலைப்பால் ஏற்படும் தாய் இறப்பு பற்றிப் பேசும்போது, 2001–03 மாதிரிப் பதிவுக் கணக்கில் தாய் இறப்புகளில் 8 சதவீதம் கருக்கலைப்பு தொடர்பானவை என்று கண்டதை, மாத்திரை பரவிய பின்னும் மாறாத எண்போல இன்றைக்கும் எடுத்துவைக்கிறார்கள். உயிரைப் பற்றிய வழக்கில் இரு தரப்பும் எண்ணைத் துல்லியமாகக் கையாளக் கடன்பட்டவர்கள்.

சட்டம்

1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காப்பதற்காக அன்றிக் கருவைக் கலைப்பதைக் குற்றமாக்கியது. கலைப்பவருடன் கலைத்துக்கொள்ளும் பெண்ணுக்கும் தண்டனை. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 88ஆம் பிரிவிலும் அதே குற்றம் தொடர்கிறது. 1971இல் இயற்றப்பட்டு 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மருத்துவ வழிக் கருக்கலைப்புச் சட்டம் இந்தக் குற்றத்துக்கு விலக்குகளைத் தருகிறது. இந்தியாவில் கருக்கலைப்பு பெண் கேட்டுப் பெறும் உரிமையாக எழுதப்படவில்லை. மருத்துவர் நல்லெண்ணத்துடன் கருத்து உருவாக்கிக்கொண்டால் அவர் மீது வழக்கு இல்லை என்ற பாதுகாப்பாக எழுதப்பட்டிருக்கிறது.

2021 திருத்தத்தின்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். வன்புணர்வுக்கு ஆளானவர், சிறுமி, கணவனை இழந்தவர் அல்லது மணமுறிவு பெற்றவர், மாற்றுத்திறனாளி போன்ற சிலருக்கு 24 வாரம் வரை இருவர் கருத்து வேண்டும். அதற்கு மேல், கருவில் கடும் குறைபாடு இருந்தால் மருத்துவக் குழு முடிவு செய்யும். 'கணவர்' என்ற சொல் இருந்த இடத்தில் 'துணைவர்' என்று வந்தது. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் மணமாகாத பெண்களையும் 24 வார வரம்புக்குள் சேர்த்தது. வயதுவந்த பெண்ணின் சம்மதம் மட்டுமே சட்டத்துக்குத் தேவை. கணவர் கையெழுத்து வேண்டும் என்று பல ஆஸ்பத்திரிகளில் கேட்பது வழக்கமே தவிர சட்டம் அன்று.

எதிர்ப்பு வாதங்கள்

அடிப்படை வாதம் எளியது. விந்தும் முட்டையும் சேர்ந்த நொடியில் தாயும் அல்லாத, தந்தையும் அல்லாத, தனக்கென மரபணு கொண்ட ஒரு மனித உயிரி தோன்றுகிறது. அன்று முதல் கிழவராகும்வரை இருப்பது அதே உயிரிதான். வளர்ச்சியில் படிகள் உண்டு, ஆள் மாறுவதில்லை. குற்றமறியாத மனிதரைக் கொல்வது தவறு என்றால், கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய மனிதரைக் கொல்வதும் தவறு. மறுப்போர் இந்த உயிரியல் செய்தியை மறுக்க வேண்டியதில்லை. உயிரி என்பதும் உரிமையுள்ள ஆள் என்பதும் ஒன்றா என்றுதான் கேட்கிறார்கள். மூளையும் உணர்வும் அரும்பாத கட்டத்தில் வலி இல்லை, விருப்பம் இல்லை; ஆகவே கருவின் மதிப்பு வளர்ச்சியோடு படிப்படியாகக் கூடுகிறது என்பது அவர்கள் நிலை. எதிர்ப்பாளர் உடனே திருப்புகிறார்: அப்படியானால் மயக்கத்தில் கிடப்பவரின் உரிமை எங்கே போயிற்று?

இந்தத் திருப்பத்தைச் செம்மையாக்கியவர் அமெரிக்கத் தத்துவ அறிஞர் டான் மார்க்விஸ். சமயத்தை முழுதும் விலக்கி வைத்துவிட்டு 1989இல் அவர் எழுதிய கட்டுரை, கருக்கலைப்புக்கு எதிரான வாதங்களில் இன்றும் மிக வலுவானது என்றே சொல்ல வேண்டும். கொலை ஏன் தவறு என்று அவர் முதலில் கேட்கிறார். கொல்லப்படுபவரிடமிருந்து அவருடைய எதிர்காலம் முழுவதையும் பறித்துவிடுகிறது என்பதே விடை. பார்க்கவிருந்த முகங்கள், செய்யவிருந்த வேலைகள், பெறவிருந்த மகிழ்ச்சிகள் எல்லாம் போய்விடுகின்றன. கருவுக்கும் நம்முடையதைப் போன்ற அத்தகைய எதிர்காலம் காத்திருக்கிறது. ஆகவே அதைக் கொல்வதும் அதே காரணத்தால் தவறு. கரு ஓர் ஆளா என்ற முடிவில்லாத சண்டைக்குள் போகாமலே இந்த வாதம் நடக்கிறது. அப்படியானால் கருத்தடையும் ஓர் எதிர்காலத்தைப் பறிப்பதுதானே என்ற கேள்வி எழும். கருத்தரிக்குமுன் அந்த எதிர்காலத்துக்கு உரியவர் என்று சுட்ட ஒருவர் இல்லை என்பது மார்க்விஸின் பதில்.

எதிர்ப்பு வாதம் எதுவானாலும் ஜூடித் ஜார்விஸ் தாம்சன் 1971இல் வைத்த கேள்விக்கு முகம் கொடுத்தாக வேண்டும். விழித்துப் பார்த்தால் உங்கள் சிறுநீரகத்தோடு ஒரு புகழ்பெற்ற வயலின் கலைஞரைக் குழாய் போட்டு இணைத்திருக்கிறார்கள். ஒன்பது மாதம் அப்படியே படுத்திருந்தால் அவர் பிழைப்பார். அவர் ஆள்தான், அவருக்கு உயிர்வாழும் உரிமை உண்டு. ஆனாலும் உங்கள் உடம்பைப் பயன்படுத்தும் உரிமை அவருக்கு உண்டா? கருவை முழு மனிதர் என்றே ஒப்புக்கொண்ட பிறகும் கேள்வி நிற்கிறது என்பதே இதன் வலிமை. தன் பிள்ளை வழிப்போக்கர் அல்லர், பெற்றவருக்குக் கடமை உண்டு, இணைப்பைக் கழற்றுவது வேறு கொல்வது வேறு என்று எதிர்ப்பாளர்கள் பதில் சொல்கிறார்கள். வன்புணர்வால் கருவுற்ற பெண்ணிடம் இந்தக் கடமைப் பேச்சு செல்லாமல் போகிறது. அங்கேதான் எதிர்ப்பாளர்களே இரண்டாகப் பிரிகிறார்கள்.

சமயத்தின் குரல்

தமிழில் கருவழிப்பைக் கண்டிக்கும் குரல் மிகப் பழையது. ஆலத்தூர் கிழார் பாடிய புறநானூற்று 34ஆம் பாட்டு, பசுவின் மடியறுத்தல் முதலிய கொடும் பாவங்களோடு மகளிரின் கருவைச் சிதைத்தலையும் வைக்கிறது. அவற்றுக்கெல்லாம் கழுவாய் உண்டு, செய்ந்நன்றி கொன்றவருக்குத்தான் இல்லை என்று பாட்டு போகிறது. ஆக, அது பெரும்பாவம். ஆனால் மீளவே முடியாத பாவம் அன்று. வடமொழி அற நூல்களில் இது 'ப்ரூணஹத்தி'. பாபநாசம் பக்கத்துத் திருக்கருகாவூரில், முனிவர் சாபத்தால் கலைந்த கருவை அம்மன் குடத்தில் வைத்துக் காத்துப் பிள்ளையாக்கித் தந்தாள் என்பது தலவரலாறு. முழுகாமல் இருக்கும் பெண்கள் இன்றும் அங்கிருந்து விளக்கெண்ணெய் வாங்கி வயிற்றில் தடவிக்கொள்கிறார்கள். கருவை இத்தனை நெருக்கமாகப் போற்றும் பண்பாட்டில், 1971 சட்டம் பெரிய கிளர்ச்சி ஏதுமின்றி நிறைவேறியது. அமெரிக்காவைப் போல இங்கே கருக்கலைப்பு தேர்தல் பிரச்சினையாகவே ஆகவில்லை. கருவைப் போற்றுவது கோயிலின் காரியமாகவும், மூன்றாவது வேண்டாம் என்பது வீட்டின் காரியமாகவும் தனித்தனியே நடந்துகொண்டிருக்கின்றன.

கத்தோலிக்கத் திருச்சபைதான் இந்தியாவில் அமைப்பாக நின்று எதிர்க்கிறது. கருவுற்ற நொடியிலிருந்து உயிர் மீறக்கூடாதது என்பதைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1995இன் சுற்றுமடலில் மீண்டும் உறுதிசெய்தார். 1979 டிசம்பரில் ஆஸ்லோவில் நோபல் உரை ஆற்றிய அன்னை தெரசா, இன்றைய அமைதியை மிகுதியாக அழிப்பது கருக்கலைப்பே என்றார். வேண்டாத பிள்ளையை எங்களிடம் கொடுங்கள் என்று கேட்டு, தத்து கொடுக்கும் வேலையையும் அவர் சபை நடத்தியது. இப்படி எதிர்ப்புடன் ஏற்புக்கான வழியையும் சேர்த்துக் கொடுத்தவர் சிலரே. 2022 ஆகஸ்ட் 10 அன்று தில்லியில் கருக்கலைப்புக்கு எதிராக ஒரு பேரணியும் நடந்தது. இஸ்லாமிய அறிஞர்களிடையே 120 நாளில் கருவுக்குள் ஆன்மா ஊதப்படுகிறது என்ற கருத்தால், அதற்கு முன்பும் பின்பும் என்று தீர்ப்பு வேறுபடுகிறது. பௌத்த விநயத்தில், தாயின் வயிற்றில் உணர்வு தோன்றியது முதல் மனித உயிர் என்பது கணக்கு. பௌத்தர் பெரும்பான்மையாக வாழும் இலங்கையின் 1883 தண்டனைச் சட்டம் 303ஆம் பிரிவில் தாயின் உயிருக்காக மட்டுமே கலைப்பை விட்டுவைக்கிறது. 1995இலும் 2017இலும் தளர்த்த எடுத்த முயற்சிகள், பின்னதில் சமயத் தலைவர்களின் எதிர்ப்பால், நின்றுபோயின.

பெண் என்பதால்

இந்தியாவில் கருக்கலைப்புக்கு எதிராக எழுந்தவற்றுள் சட்டத்தையே அசைத்த வாதம் ஸ்கேன் அறையிலிருந்து வந்தது. 1970களின் நடுவில் கருவின் குறைபாடு கண்டறிய வந்த பனிக்குட நீர்ச் சோதனை, சில ஆண்டுகளில் பெண்ணா என்று பார்க்கும் சோதனையாகிவிட்டது. சோதனைக் கட்டணத்தையும் பின்னாளில் தரப்போகும் வரதட்சணையையும் ஒப்பிட்டு வடக்கே விளம்பரப் பலகைகளே வைத்தார்கள். 6 வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 1991இல் 945, 2001இல் 927, 2011இல் 919. பிரபாத் ஜா குழுவினர் 2011இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வு இதை வீட்டுக்குள் போய்ப் பார்த்தது. முதல் குழந்தை பெண்ணாகப் பிறந்த வீடுகளில், இரண்டாவதாக ஆயிரம் ஆண்களுக்குப் பிறந்த பெண்கள் 1990இல் 906, 2005இல் 836. முதலாவது ஆணாக இருந்த வீடுகளில் அப்படிக் குறையவில்லை. 1980 முதல் 2010 வரை பாலினம் பார்த்துக் கலைக்கப்பட்ட பெண் கருக்கள் 42 லட்சத்திலிருந்து 1 கோடியே 21 லட்சத்துக்குள் இருக்கும் என்று அந்த ஆய்வு மதிப்பிட்டது.

தமிழ்நாட்டில் இதற்கு முன்கதை உண்டு. உசிலம்பட்டியிலும் சேலம், தருமபுரிப் பகுதிகளிலும் பிறந்த பெண் குழந்தையைக் கொல்லும் வழக்கம் 1980களில் வெளியுலகுக்குத் தெரிந்தது. 1992இல் ஜெயலலிதா அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்கியது. 2001 கணக்கெடுப்பில் தருமபுரியின் குழந்தைப் பாலின விகிதம் 826, சேலத்தில் 851. பிறந்த பின் கொல்வதற்குப் பதில் பிறக்குமுன் கலைப்பது என்று வழி மாறியதை அந்தக் காலக் களப்பணியாளர்கள் கண்ணால் பார்த்தவர்கள். கருக்கலைப்பை எதிர்ப்போர் இங்கே ஒரு கூரிய கேள்வியை வைக்கிறார்கள்: தொட்டிலில் கிடக்கும் பெண்ணைக் கொல்வது கொடுமை என்று அழுத நாடு, அதே பெண்ணை நான்கு மாதம் முன்பு கலைத்தால் அதை மருத்துவம் என்று சொல்வது எப்படி? பெண்ணியர்கள் இதற்குச் சொல்லும் பதில், தவறு கலைப்பதில் அன்று, பெண் என்பதற்காகத் தேர்ந்து கலைப்பதிலும் அதற்குப் பெண்ணை நெருக்கும் குடும்பத்திலும் இருக்கிறது என்பது. இந்தப் பதிலும் எளிதில் நிற்பதில்லை. கரு ஆள் இல்லை என்றால் யாருக்கு அநீதி நடந்தது என்று கேட்பார்கள். உயிரோடிருக்கும் பெண்கள் அனைவருக்கும் என்பதே நேர்மையான விடை.

அதனால்தான் நாடு கலைப்பைத் தடுக்காமல் கண்டறிவதைத் தடுத்தது. மகாராஷ்டிரம் 1988இல் முதல் சட்டம் கொண்டுவந்தது. 1994இல் மத்தியச் சட்டம் வந்தது. 2003இல் அது கடுமையாக்கப்பட்டது. இன்று எந்த ஸ்கேன் மையத்துக்குள் போனாலும், கருவின் பாலினம் இங்கே சொல்லப்படாது, சொல்வது குற்றம் என்ற பலகை உள்ளூர் மொழியில் தொங்குகிறது. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 'எஃப்' படிவம் நிரப்ப வேண்டும். பதிவு பெற்ற இயந்திரத்தை இடம் மாற்றினாலும் தெரிவிக்க வேண்டும். இத்தனைக்குப் பிறகும் 2023இல் கர்நாடகத்தின் மாண்டியாவில், கரும்பு வெல்லம் காய்ச்சும் ஆலைக்கொட்டகை ஒன்றில் ஸ்கேன் இயந்திரம் வைத்துப் பாலினம் பார்த்த கும்பல் பிடிபட்டது. நூற்றுக்கணக்கில் பெண் கருக்கள் கலைக்கப்பட்டதாகக் காவல் துறை கூறியது.

பாலினச் சோதனையைத் தடுக்கும் இந்தச் சட்டத்துக்குப் பயந்து கருக்கலைப்பு மாத்திரையையே கடைகளில் வைக்காமல் விடுவது ஒரு தவறான புரிதல். அந்த அட்டைக்கு 9 வாரம் வரைதான் அனுமதி. ஸ்கேனில் பாலினம் தெரிய அதற்குப் பின்னும் சில வாரம் ஆகும். மாத்திரையைத் தடுத்துப் பெண் கருவைக் காக்க முடியாது.

மற்ற வாதங்கள்

ஊனமுற்றோர் உரிமைக்குப் போராடுபவர்கள் சிலர் வைக்கும் வாதம் அதிகம் பேசப்படுவதில்லை, பேசப்பட வேண்டும். இயல்பான கருவுக்கு 24 வாரத்தில் மூடும் கதவு, குறைபாடுள்ள கருவுக்கு மட்டும் கடைசிவரை திறந்திருக்கிறது. 2022 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் மூளைக் குறைபாடு கண்ட 33 வாரக் கருவைக் கலைக்க அனுமதி தந்தது. பாலினம் பார்த்துக் கலைப்பது பாகுபாடு என்றால் உடற்குறை பார்த்துக் கலைப்பது என்ன என்று அவர்கள் கேட்கிறார்கள். அந்தத் தாய் சுமக்கப்போகும் ஆண்டுகளை, கிடைக்காத சிறப்புப் பள்ளியை, தான் போன பின் பிள்ளையை யார் பார்ப்பார் என்ற இரவுநேரக் கவலையைத் தெரிந்தவர்கள் இந்தக் கேள்வியை அவளிடம் கேட்கமாட்டார்கள். அரசிடம் கேட்பார்கள்.

சட்டத்திலிருந்தும் வாதம் எடுக்கிறார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, வயிற்றிலிருக்கும் பிள்ளை உயிருடன் பிறந்தால் அதற்குச் சொத்தில் பங்கு தருகிறது. மரண தண்டனை பெற்ற பெண் கர்ப்பமாக இருந்தால் உயர் நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைக்க வேண்டும். சொத்துக்கும் தூக்குமேடைக்கும் முன்னால் கருவைக் கண்ட சட்டம் இங்கே மட்டும் காணாமல் இருப்பது எப்படி என்பது கேள்வி. சொத்துரிமையோ உயிருடன் பிறந்தால் மட்டும் என்று நிபந்தனையோடு வருகிறது என்பது மறுதரப்பின் பதில்.

கலைத்தால் மார்பகப் புற்றுநோய் வரும், மனநோய் வரும் என்ற வாதத்தை எதிர்ப்பாளர்கள் கைவிடுவதே அவர்களுக்கு நல்லது. 16 நாடுகளின் 53 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2004 'லான்செட்' ஆய்வு புற்றுநோய்த் தொடர்பு இல்லை என்று கண்டது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் 2008 அறிக்கை, முதல் மூன்று மாதத்தில் ஒருமுறை கலைத்துக்கொண்ட பெண்ணுக்கு, வேண்டாத கருவைப் பெற்றெடுத்தவளைவிட மனநலக் கேடு அதிகம் இல்லை என்றது. ஒரு கலைப்புக்குப் பின் வரும் துக்கம் உண்மையானது, பல பெண்களுக்கு நெடுநாள் நிற்பது. அதை நோயென்று பெயரிட்டுப் பயமுறுத்துவது அந்தத் துக்கத்துக்கே மரியாதைக் குறைவு.

எதிர்ப்புக்கு வரும் நடைமுறை மறுப்பு, தடை எண்ணிக்கையைக் குறைக்காமல் இறப்பைக் கூட்டும் என்பது. இதற்குக் காட்டப்படும் நாடு ருமேனியா. அந்நாட்டை ஆண்ட சௌஷெஸ்கு 1966இல் கருக்கலைப்பைத் தடை செய்ததும் அடுத்த ஆண்டு பிறப்பு ஏறத்தாழ இரட்டித்தது. சில ஆண்டுகளில் மறைமுக வழிகளால் மீண்டும் இறங்கியது. 1989இல் லட்சம் பிறப்புக்கு சுமார் 170 தாய்மார் இறந்தார்கள். தடை நீங்கிய அடுத்த ஆண்டே அது பாதியானது. எதிர்ப்பாளர்கள் போலந்தைக் காட்டுகிறார்கள்: 1993 முதல் கடும் தடை, தாய் இறப்போ மிகக் குறைவு. அங்குள்ள பெண்கள் அண்டை நாடுகளுக்குப் போக முடிகிறது என்பது அதற்குப் பதில். இந்தியர்களுக்கு இந்த விவாதம் நேரடியாகத் தெரிந்தது கர்நாடகத்தில் பிறந்த பல் மருத்துவர் சவிதா ஹாலப்பனவரால். 2012 அக்டோபரில் அயர்லாந்தின் கால்வேயில், கலைந்துகொண்டிருந்த கருவை இதயத் துடிப்பு இருக்கிறது என்று அகற்ற மறுத்ததில் கிருமித்தொற்றால் இறந்தார். 2018இல் அயர்லாந்தில் நடந்த வாக்கெடுப்பில், வாக்களித்தவர்களில் 66.4 சதவீதத்தினர் அரசமைப்புத் தடையை நீக்கச் சொன்னார்கள்.

2023 அக்டோபரின் ஒரு வழக்கு இரு தரப்பின் வாதத்தையும் ஒரே பெண்ணின் மேல் கொண்டுவந்து வைத்தது. 27 வயது, இரண்டு பிள்ளைகள், பிரசவத்துக்குப் பிந்தைய மனநோய்க்கு மருந்து. பால் கொடுக்கும் காலத்தில் மாதவிலக்கு வராததால் மூன்றாவது கரு தங்கியதே தெரியவில்லை. தெரிந்தபோது 24 வாரம் கடந்திருந்தது. உச்ச நீதிமன்றம் முதலில் அனுமதித்தது. மறுநாள் தில்லி எய்ம்ஸ் மருத்துவர் ஒருவர் கடிதம் அனுப்பினார்: கரு வெளியில் பிழைக்கும் நிலையில் இருக்கிறது, இதயத்தை நிறுத்திவிட்டு எடுக்க வேண்டுமா, உயிரோடு எடுக்க வேண்டுமா? உயிரோடு எடுத்தால் குறைமாதக் குழந்தையாக, உடற்குறைகளோடு வாழக்கூடும். இரண்டு நீதிபதிகளும் இரண்டு விதமாகத் தீர்ப்பளித்தார்கள். நீதிபதி ஹிமா கோலிக்கு அந்தத் துடிப்பை நிறுத்த மனம் ஒப்பவில்லை. நீதிபதி நாகரத்னா, பெண்ணின் முடிவை மதிக்க வேண்டும் என்றார். தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான மூவர் அமர்வு அக்டோபர் 16 அன்று கலைப்புக்கு மறுத்தது. பிரசவச் செலவை அரசு ஏற்கும், பிறந்தபின் வளர்ப்பதா தத்து கொடுப்பதா என்பதைப் பெற்றோரே முடிவு செய்யலாம் என்றது.